சிறார் அறிவு நூல்களில் பெயரிடல்: அமெரிக்க வரலாறும் அரிய விலங்குகளும்

முன்னுரை

தமிழ்ச் சிறார் இலக்கியத்தில் கதை, பாடல் ஆகியவற்றோடு அறிவு நூல்களுக்கும் தனியிடம் உண்டு. பெ. தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட ‘குழந்தைகள் கலைக்களஞ்சியம்’ இத்துறையின் பெருமுயற்சியாகும். சிறுவர் கண்டிராத நிலத்தையும் மக்களையும் உயிர்களையும் தமிழ்ப் பெயரால் அறிமுகப்படுத்துவது இவ்வகை நூல்களின் பணி. பெயர் பிழைபட்டால் அதன்வழிப் பெறும் அறிவும் பிழைபடும் என்பதை அமெரிக்கா சார்ந்த மூன்று பெயர்களைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

செவ்விந்தியர்

1492இல் கரீபியத் தீவுகளை அடைந்த கொலம்பசு, தாம் ஆசியாவை அடைந்துவிட்டதாகக் கருதி அங்கு வாழ்ந்தோரை ‘இந்தியர்’ என்றார். பின்னர் அதனோடு நிறத்தைச் சுட்டும் அடை சேர்ந்தது. அச்சொல்லே தமிழில் ‘செவ்விந்தியர்’ என வழங்குகிறது. தன்னை இந்தியர் என்று அறிந்த தமிழ்ச் சிறுவருக்கு இப்பெயர் இரட்டை மயக்கம் தருவது. ‘அமெரிக்கத் தொல்குடியினர்’ என்ற பொதுப்பெயரும் செரோக்கி, நவகோ முதலிய இனப்பெயர்களும் இம்மயக்கத்தை நீக்கும்.

காட்டெருமை

வட அமெரிக்கப் பைசனைக் ‘காட்டெருமை’ எனப் பெயர்ப்பதுண்டு. முதுமலை, ஆனைமலைக் காடுகளில் வாழும் காட்டுமாட்டையும் அவ்வாறே அழைப்பர். உண்மையான காட்டெருமையோ நாட்டெருமையின் மூதாதை. மூன்றும் வேறு வேறு விலங்குகள்.

இது விலங்கியல் வழுவாக மட்டும் நின்றுவிடுவதில்லை. வட அமெரிக்கச் சமவெளித் தொல்குடியினர் உணவு, உடை, கூடாரம் ஆகியவற்றிற்குப் பைசனையே சார்ந்திருந்தனர். கோடிக்கணக்கில் இருந்த அவ்விலங்கு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சில நூறு என்ற அளவிற்கு வேட்டையாடி அழிக்கப்பட்டது. அம்மக்களின் வாழ்வும் குலைந்தது. 2016இல் அமெரிக்கா பைசனைத் தேசியப் பாலூட்டியாக அறிவித்தது. பெயர் மயங்கினால் விலங்குப் பாடமும் வரலாற்றுப் பாடமும் இணையும் இவ்விடம் சிறுவருக்குப் புலப்படாது.

எறும்புதின்னி

செதில் போர்த்த அழுங்கு தமிழகத்தில் வாழ்வது; மயிரடர்ந்த எறும்புதின்னி தென், நடு அமெரிக்காவிற்குரியது. இரண்டிற்கும் பல் இல்லை; நீண்ட நாக்கு உண்டு. ஒத்த உணவுமுறையால் விளைந்த ஒப்புமையே இது. நெருங்கிய உறவால் வந்ததன்று. அழுங்கையும் ‘எறும்புதின்னி’ என வழங்குவதால் இவ்வேறுபாடு மறைகிறது.

அண்மைச் சான்று

அரியதொன்றைப் பிழையின்றிக் குறிக்கும் பெயருக்கு எடுத்துக்காட்டு விழுப்புரம் மாவட்டத்திலேயே உள்ளது. வானூர் வட்டம் திருவக்கரையில் சுமார் 2 கோடி ஆண்டுப் பழமையுடைய மரப் புதைபடிவங்கள் உள்ளன. வண்டலில் புதையுண்ட மரங்களின் திசுக்களில் சிலிக்கா படிந்து அவை கல்லாயின. இவற்றைக் குறிக்கும் ‘கல்மரம்’ என்னும் சொல் முன்பிருந்த நிலையையும் இன்றுள்ள நிலையையும் ஒருசேர உணர்த்துகிறது. வேறொரு பொருளோடு மயங்கவும் இடந்தரவில்லை.

முடிவுரை

தெரிந்த பொருளோடு ஒப்பிட்டு விளக்குவது சிறார் நூலுக்கு இன்றியமையாதது. எனினும் ஒப்புமை விளக்கத்தில் இடம்பெற வேண்டுமேயன்றிப் பெயராகிவிடக் கூடாது. ‘பைசன்’ என்று பெயரைச் சொல்லி, ‘காட்டுமாட்டைப் போன்ற உடலும் அடர்ந்த பிடரிமயிரும் உடையது’ என விளக்கலாம். உள்ளூர் விலங்கிற்கு ‘அழுங்கு’ போன்ற உள்ளூர்ப் பெயரையே ஆளலாம். இவ்விரு நெறிகளும் கைக்கொள்ளப்படின் சிறுவர் பெறும் முதல் அறிவு பின்னர்த் திருத்த வேண்டாததாக அமையும்.