ஒரு சுற்றை வெட்டினால் ஸ்பிரிங் இறுகும், தெரியுமா?

வேலூர் லாங் பஜாரில் மூட்டை ஏற்றிக்கொண்டு திணறி நிற்கும் ஆட்டோவின் முன் சக்கரத்தைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். ஒரு காயில் ஸ்பிரிங் தெரியும். கோடிகளில் விலை சொல்லும் ஸ்போர்ட்ஸ் கார்களில் பெரும்பாலானவற்றைத் தாங்குவதும் இதே சுருள் கம்பிதான்!

ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் பதனிடும் தோல் ஷூவாகும், பெல்ட்டாகும். அந்தத் தோலே ஒரு காலத்தில் சஸ்பென்ஷனாக இருந்தது தெரியுமா? 1827 முதல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் செய்த கான்கார்ட் குதிரை வண்டிகளில் எஃகு ஸ்பிரிங்குக்குப் பதில் கனத்த தோல் வார்கள். அவற்றின்மேல் வண்டிக்கூடு முழுவதையும் தொங்கவிட்டு, மேடு பள்ளமெல்லாம் ஓட்டினார்கள்!

சரி, சுருளுக்கு வருவோம். ஸ்பிரிங்கை அமுக்கினால் கம்பி வளைகிறது என்றுதானே நினைக்கிறோம்? கிடையாது! ஈரத்துணியைப் பிழிவதுபோல அந்தக் கம்பி நீளம் முழுக்க முறுக்கிக்கொள்கிறது. நீளக் கம்பியை முறுக்குவது சுலபம், குட்டைக் கம்பி முரண்டுபிடிக்கும். அதனால்தான் வேலை செய்யும் ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால் ஸ்பிரிங் தளராமல் 20 சதவீதம் இறுகிவிடுகிறது. கம்பியின் கனம் இன்னும் பெரிய மாயம். 12 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 13 போட்டால், மற்றதெல்லாம் அப்படியே இருக்க, இறுக்கம் கிட்டத்தட்ட 38 சதவீதம் எகிறும்! கனத்தின் நான்காம் அடுக்கில் ஏறும் கணக்கு அது. இதற்கெல்லாம் அடிப்படையான விதியை விஞ்ஞானி ராபர்ட் ஹூக் 1676-ல் எழுத்துகளைக் கலைத்துப் புதிராக அச்சிட்டுவிட்டு, 1678-ல்தான் விடையைச் சொன்னார். யாரும் திருடிவிடக் கூடாதாம்!

அப்படியானால் கிரைண்டரை எடுத்து ஒரு சுற்றை அறுத்துவிட்டால் காரும் தாழும், ஸ்பிரிங்கும் இறுகும், பைசா செலவில்லையே? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். குட்டையான ஸ்பிரிங், சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது, தான் உட்கார்ந்திருக்கும் இடத்தை விட்டு நழுவலாம். கிரைண்டருக்குப் பதில் கேஸ் வைத்துச் சூடு காட்டினால் ஆலையில் ஏற்றிய பதமே போய்விடும். பழைய ஷாக் அப்சார்பர் பழைய ஸ்பிரிங்குக்கு அளவெடுத்தது; இறுகிய ஸ்பிரிங்கை அடக்க அதற்குத் தெம்பு போதாது, வண்டி குதித்துக்கொண்டே போகும். வளைவில் டயர் சாலையைப் பிடிக்காத கார் எப்படி ஸ்போர்ட்ஸ் கார் ஆகும்?

குறைந்த செலவில் நல்ல சஸ்பென்ஷனுக்கு நம்மூரிலேயே ஒரு முன்னோடி உண்டு. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் தயாரித்த ஹெரால்ட்! டாக்டர்களும் வக்கீல்களும் ஓட்டிய சாதுவான குடும்பக் கார். ஆனால் முன் சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும், ஷாக் அப்சார்பரைச் சுற்றியே காயில் ஸ்பிரிங். அதன் இங்கிலாந்து மூலமான டிரையம்ஃப் ஹெரால்டின் சேஸியைக் குட்டையாக்கித்தான் 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது. அதோடு நிற்கவில்லை! லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் தன் எலான் ஸ்போர்ட்ஸ் காரின் முன் சக்கரங்களைத் தாங்கவும் டிரையம்ஃபின் பாகத்தைத்தான் வாங்கிப் போட்டார். பந்தயக் கார் மேதையே கடையில் கிடைத்ததை வைத்துச் சிக்கனம் பிடித்திருக்கிறார்.

இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் நம்மூர் ஹெரால்டுகளும் ஃபியட்டுகளும் பந்தயத்தில் சீறின. 1990-ல் பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்கு இடம்பெயர்ந்தது. வேலூரிலிருந்து சென்னை போகும் அதே நெடுஞ்சாலையில்தான் இருக்கிறது அந்தத் தடம்.

ஒரு எச்சரிக்கை. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. வேகத்தடைக்கு வேகத்தடை அடி தட்டும் நம் ஊர்ச் சாலைகளில் காரை ரொம்பத் தாழ்த்துவது எனக்கு வீண்வேலையாகத்தான் படுகிறது.

கையில் கொஞ்சம்தான் காசா? தேய்ந்த ரப்பர் புஷ்களை முதலில் மாற்றுங்கள். பிறகு உங்கள் மாடலுக்கென்றே செய்த ஸ்பிரிங்கையும் அதற்குப் பொருந்தும் ஷாக் அப்சார்பரையும் ஜோடியாக வாங்குங்கள், ஒன்றை மட்டும் வாங்காதீர்கள். மாட்டியதும் வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள். கிரைண்டரோடு வருபவரிடம் மட்டும் காரை விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடாதீர்கள்!