ஆஞ்சியோவில் அடைப்பில்லை, ஆனால்...

"பம்பிங் 30 சதவீதம்தான். ஆஞ்சியோவில் அடைப்பு எதுவும் இல்லை." இதயத் தசை தளர்ந்துபோன பலரிடம் சொல்லப்படுவது இவ்வளவுதான். அடைப்பில்லை என்றதும் குடும்பமே நிம்மதியடைகிறது. சிலர் மாத்திரையைக்கூட நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

ஆஞ்சியோவில் தெரிபவை பெரிய ரத்தக் குழாய்கள் மட்டுமே. தசைக்குள் ஓடும் நுண்குழாய்களை அது காட்டாது. கடுமையாக உழைக்கும் நேரத்தில் நல்ல இதயம் தன் ரத்த ஓட்டத்தை இரண்டு மடங்குக்கும் மேலாகக் கூட்டிக்கொள்ளும். நுண்குழாய்கள் விரியாவிட்டால் அது முடியாது. இத்தாலியின் பீசா நகர ஆய்வாளர்கள் இதைத்தான் அளந்து பார்த்தார்கள். அடைப்பில்லாமலே பம்பிங் குறைந்திருந்த 67 பேரை அவர்கள் ஆண்டுக்கணக்கில் கவனித்து, 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும், ஒரு கிராம் தசைக்கு நிமிடத்துக்கு 1.36 மில்லிலிட்டருக்கு மேல் ரத்தம் போகாதவர்களுக்கே மரணமும் இதயச் செயலிழப்பும் அதிகம் நேர்ந்தன. பம்பிங் அளவைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் மறையவில்லை.

இந்த அளவீட்டுக்குத் துல்லியமானது பெட் ஸ்கேன். ஆனால் அதில் பயன்படும் கதிரியக்க அம்மோனியா பத்தே நிமிடத்தில் பாதியாகக் குறைந்துவிடும் என்பதால், அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் பக்கத்திலேயே இருக்க வேண்டும். எம்ஆர்ஐ மூலமும், எக்கோவில் டாப்ளர் மூலமும் ரத்த ஓட்டத்தை ஓரளவு கணிக்கலாம்.

சோதனையில் குழாயை விரிக்கக் கொடுக்கும் டிபைரிடமால், அடினோசின் போன்ற மருந்துகள் ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சிறைப்பைத் தூண்டலாம். இழுப்பு, மிக மெதுவான நாடித்துடிப்பு, கர்ப்பம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காபி, டீ மருந்தின் வேலையைக் கெடுக்கும். எத்தனை மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடன் வாங்கியாவது இந்தச் சோதனையைச் செய்தாக வேண்டுமா? வேண்டியதில்லை என்பதே என் கருத்து. வரப்போகும் ஆபத்தை அது முன்கூட்டிச் சொல்லும்; நோயை அது ஆற்றாது. பரிந்துரைக்கும் மருத்துவரிடம், "இதன் முடிவு வந்தால் என் சிகிச்சையில் என்ன மாறும்?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் பெறுவது உங்கள் உரிமை. சோதனையின் பயன், ஆபத்து, செலவு மூன்றையும் உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கிய பிறகே சம்மதக் கையெழுத்து வாங்க வேண்டும். இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்கவும் தயங்காதீர்கள். மருத்துவப் பதிவுகளை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. கட்டணம் வாங்கும் மருத்துவமனையின் சேவையில் குறை இருந்தால், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம்.

உயிரைக் காப்பவை அன்றாட மாத்திரைகள்தான். பீட்டா பிளாக்கர், ஸ்பைரனோலாக்டோன் உள்ளிட்ட நான்கு வகை மருந்துகள் ஆயுளைக் கூட்டுவது நிரூபிக்கப்பட்டிருக்கிறது. பம்பிங் தேறிவிட்டாலும் மருத்துவரைக் கேட்காமல் அவற்றை நிறுத்தக் கூடாது. தினமும் காலையில் எடை பாருங்கள். மூன்று நாளில் 2 கிலோ கூடினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.