புடைத்தெழும் வாழ்த்து



பொங்கல் திருநாள் நெருங்கும்போது வாழ்த்து அட்டைகளைத் தபாலில் அனுப்பும் வழக்கம் முன்னர் நம் நாட்டில் வீடுதோறும் இருந்தது. அவ்வட்டைகளில் மிகப் பல சிவகாசியில் அச்சானவை. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று, தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டிக்கு வண்ண லேபிள் வேண்டியிருந்தது. அத்தேவையே அவ்வூரில் அச்சுத் தொழில் வேரூன்றக் காரணமாயிற்று. லேபிளை அடுத்துக் காலண்டரும், டைரியும், வாழ்த்து அட்டையும் வந்தன.

அத்தகைய வழவழப்பான அட்டை ஒன்றை, விருதுநகர் வட்டாரத்தில் நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில், ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் தம் தோழன் ஒருவனுக்குப் பிறந்தநாள் பரிசாக அளித்தனர். அவனுக்குக் கண்பார்வை இல்லை. விரல்களால் இருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "நல்ல வழவழப்பு, ஐயா" என்றான். அவன் குறை கூறவில்லை. ஆயினும் வகுப்பே தலைகுனிந்தது. மறு ஆண்டு தாங்களே ஓர் அட்டை செய்வது என்று அவர்கள் உறுதி பூண்டனர். அது மையின்றி, மேடாக எழும்பி நிற்கும் புடைப்பு அட்டை.

புடைப்பு என்பது யாது? திருமண அழைப்பிதழில் எழுந்து நிற்கும் பிள்ளையார் உருவை நீங்கள் தடவிப் பார்த்திருப்பீர்கள். அச்சகத்தார் இதனை எம்பாஸிங் என்பர். இதற்கு இரண்டு அச்சுகள் உண்டு. ஒன்றில் உருவம் பள்ளமாகவும், மற்றொன்றில் மேடாகவும் இருக்கும். இடையே தாளை வைத்து எந்திரம் அழுத்தும்போது, தாளிலுள்ள நார்கள் நீண்டு புதிய வடிவில் நிலைத்துவிடுகின்றன. மெல்லிய தாள் கிழியும். தடித்த தாளே தாங்கும்.

வீட்டில் எந்திரம் வேண்டியதில்லை. பழைய அழைப்பிதழ் அட்டையில் ஒரு பூவை வரைந்து, கூரிய பிளேடால் உள்பகுதியை வெட்டி எடுங்கள். சிறுவர்கள் பெரியவர் துணையோடு வெட்டுக. எழுத்தை வெட்டும்போது, 'வ' போன்றவற்றின் வட்டத்தினுள் இருக்கும் துண்டு தனியே விழுந்துவிடும். ஆகவே சிறு இணைப்பு ஒன்றை விட்டு வெட்டவேண்டும். பிறகு அதனை இடம் வலம் மாறும்படி திருப்பி, வெயில் படும் சன்னல் கண்ணாடியில் ஒட்டுங்கள். அதன்மேல் தடித்த ஓவியத் தாளின் முகப்புப் பக்கம் படியுமாறு வையுங்கள். வெளிச்சத்தில் வெட்டிய உருவம் தெரியும். மை தீர்ந்த பந்துமுனைப் பேனாவால் அதன் ஓரங்களை முதலில் மெதுவாகவும், பின்னர் சற்று அழுத்தியும் தேயுங்கள். தாளைத் திருப்பினால் பூ எழும்பி நிற்கும்.

எங்கள் மாணவர்களின் முதல் அட்டையில் எழுத்துகள் இடம் வலம் மாறிப்போயின. வெட்டிய அட்டையைத் திருப்பி ஒட்ட மறந்ததே காரணம். இரண்டாவது அட்டை சரியாக அமைந்தது. தோழன் பூவை உடனே அறிந்துகொண்டான். 'வாழ்த்து' என்ற சொல்லைத்தான் வெகுநேரம் தடவித் தடவிப் படித்தான்.

இத்தடையை முன்பே உணர்ந்தவர் ஒருவர் உண்டு. பிரான்சு நாட்டில் 1809 சனவரி 4ஆம் நாள் பிறந்த லூயி பிரெய்ல், மூன்றாம் வயதில், தந்தையின் தோல் பட்டறையில் இருந்த கூரிய கருவி கண்ணில் பட்டதன் விளைவாகப் பார்வை இழந்தார். அவர் பயின்ற பாரிசுப் பள்ளியில், நூல்களில் வழக்கமான எழுத்துகளையே பெரிதாகப் புடைத்திருந்தனர். விரலுக்கு அவை விரைவில் பிடிபடவில்லை. விரல்நுனிக்குள் அடங்கும் ஆறு புள்ளிகளால் எழுத்து முறை ஒன்றை அவர் 15 வயதிலேயே வகுத்தார். 1829இல் நூலாக வெளியிட்டார். இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்ல் முறை 1951இல் ஏற்கப்பட்டது. தமிழும் அதில் அடங்கும்.

அந்தப் புள்ளிகளும் புடைப்பே. சட்டத்தில் தாளைப் பொருத்திப் பின்புறத்திலிருந்து, வலமிருந்து இடமாகக் குத்தி எழுதினால், முன்புறத்தில் இடமிருந்து வலமாகப் படிக்கலாம். மூன்றாம் அட்டைக்கு அந்தத் தோழனே ஆசிரியன் ஆனான். மற்றவர் குத்திய புள்ளிகளைத் தடவி, "இங்கே ஒரு புள்ளி குறைகிறது" என்று திருத்தினான். முடிவில் தன் பெயரைத் தானே படித்து, உரக்கச் சிரித்தான்.

மாணவர்களே, கடையில் வாங்கிய அட்டை தவறன்று. அதன் பின்னே பலரின் உழைப்பு இருக்கிறது. ஆனால் வாழ்த்துவதற்கு முன், பெறுபவர் அதனை எவ்வாறு படிப்பார் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். அடுத்த பிறந்தநாளுக்கு ஒரு தடித்த தாளும், மை தீர்ந்த பேனாவும், ஒரு மாலைப் பொழுதும் போதும்.