புற்றும் மனமும் – 9: கேட்டால்தான் தெரியும்

புற்றுநோயாளியின் மன உளைச்சலைக் கண்டறிய முதல் தடை அவருடைய உடல்தான். தூக்கமின்மை, பசியின்மை, எடைக் குறைவு, ஓயாத களைப்பு எல்லாம் மனச்சோர்வின் அடையாளங்கள். கீமோதெரபி எடுப்பவருக்கோ இவை சிகிச்சையாலேயே வரும். வாந்தியைத் தடுக்கக் கொடுக்கும் டெக்ஸாமெதசோனே பலருடைய தூக்கத்தைக் கெடுத்து, மனதைப் பரபரக்க வைத்துவிடும். உடற்குறிகளை மட்டும் எண்ணிப் பார்த்தால் கணக்கு தப்பும்.

இங்கிலாந்து மனநல மருத்துவர்கள் சிக்மண்டும் ஸ்னெய்த்தும் 1983இல் வெளியிட்ட 14 கேள்விப் படிவம், உடல்நோயாலும் வரக்கூடிய அறிகுறிகளைப் பெரும்பாலும் ஒதுக்கியது. பதற்றத்துக்கு ஏழு கேள்விகள், மனச்சோர்வுக்கு ஏழு. முன்பு பிடித்தவை இப்போதும் பிடிக்கின்றனவா என்று அது விசாரிக்கிறது. பசி போனவர்கூடப் பேத்தியின் மழலையை ரசிப்பார். மனம் சோர்ந்தவருக்கு அதிலும் நாட்டம் இருக்காது.

கூட்டம் நெரியும் புறநோயாளிப் பிரிவில் 14 கேள்விகளுக்கு நேரம் ஏது? நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ ராத், ஜிம்மி ஹாலண்ட் குழுவினர், புராஸ்டேட் புற்றுநோயாளிகளிடம் சோதித்து 1998இல் வெளியிட்ட 'உளைச்சல் தெர்மாமீட்டர்' இன்னும் எளியது. தாளில் வரைந்த தெர்மாமீட்டரில், கடந்த ஒரு வாரம் பட்ட பாட்டை 0 முதல் 10 வரை நோயாளியே குறிக்கிறார். 4 அல்லது அதற்கு மேல் என்றால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும் என்பது இன்றைய வழக்கம். கூடவே பணம், வேலை, பிள்ளைகள், வலி, போக்குவரத்து என்று ஒரு பிரச்சினைப் பட்டியலும் உண்டு. எண்ணைவிட அந்தப் பட்டியலுக்கே மதிப்பு அதிகம். 7 என்று குறித்தவரை வாட்டுவது மரண பயமா, ரேடியேஷனுக்குத் தினமும் வந்துபோக வழியில்லாததா? முதலாவதற்கு மனநல மருத்துவர் வேண்டும். இரண்டாவதற்குச் சமூகப் பணியாளரே போதும்.

யாருக்கு உளைச்சல் முற்றும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியுமா? நோய் தெரியவந்த முதல் 100 நாட்களை ஆராய்ந்து, அமெரிக்காவின் வைஸ்மனும் வோர்டனும் 1976இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கட்டியைப் பற்றிய விவரம் மட்டும் போதவில்லை. மணவாழ்க்கைச் சிக்கல், கடந்த காலம் பற்றிய ஆற்றாமை, கைகொடுக்க ஆளில்லை என்ற எண்ணம், பழைய மனநலச் சிகிச்சை ஆகியவையும் கணக்கில் வந்தன. பிற்கால ஆய்வுகள் இளவயது, தணியாத வலி, தனிமை, பணமுடை ஆகியவற்றையும் சேர்த்தன. நோயின் இடத்துக்கும் பங்கு உண்டு: ஸபோரா குழுவினர் 2001இல் வெளியிட்ட, சுமார் 4,500 பேரைக் கொண்ட ஆய்வில் மொத்தத்தில் 35 விழுக்காட்டினருக்கும், நுரையீரல் புற்றுநோயாளிகளில் 43 விழுக்காட்டினருக்கும் உளைச்சல் காணப்பட்டது.

ஒருமுறை கேட்டு, கோப்பில் செருகிவிடும் விஷயமல்ல இது. நோய் உறுதியானதும், சிகிச்சை மாறும்போதும், நோய் திரும்பும்போதும் மறுபடி கேட்க வேண்டும். அதிகம் தவறவிடப்படுவது சிகிச்சை முடியும் வேளை. வீட்டார் நிம்மதியாகிவிடுவார்கள், மருத்துவமனைக்குப் போவது குறைந்த நோயாளிக்கோ பயம் அப்போதுதான் தலைதூக்கும்.

ஒரு விதிவிலக்கு: நேற்றுவரை தெளிவாக இருந்தவர் திடீரென்று குழம்பிப் பேசினால், அதை உளைச்சல் என்று எண்ணி ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. தொற்றோ, ரத்தத்தில் கூடிய கால்சியமோ, வலி மருந்தோ காரணமாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.