குண்டுக்கரிச்சானுக்கு மஞ்சள் அலகு கிடையாது

தங்கவயல் வலசைகள் – 9

போன வாரம் பேத்தமங்கலம் ஏரி வாத்துகளோடு நிறுத்தினோம். நீர்ப்பறவை பார்ப்பதில் ஒரு சுகம் உண்டு. அது தண்ணீரில் மிதக்கும். நாம் கரையில் உட்கார்ந்து டீ குடித்தபடியே எண்ணலாம். இந்த வாரப் பறவை அந்தச் சுகத்தைத் தராது.

பெயர் பைட் த்ரஷ். மைனா அளவுதான், 22 சென்டிமீட்டர். கோடையில் இமயமலைச் சரிவுகளில் கூடு கட்டும். பனிக்காலத்தை இலங்கை மலைநாட்டில் கழிக்கும். தென்னிந்தியா பெரும்பாலும் அதற்கு வழி மட்டுமே: அக்டோபர், நவம்பரில் தெற்கே போகும்போது ஒருமுறை, மார்ச், ஏப்ரலில் திரும்பும்போது ஒருமுறை. நுவரெலியா விக்டோரியா பூங்காவில் இதைப் பார்க்கவென்றே வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள். வந்து, பூக்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பூங்கா ஓரத்து அழுக்கு ஓடைக்கு எதிரே கேமராவோடு நிற்கிறார்கள். ஈரச் சருகு இருக்கும் இடத்தில்தான் அதற்குச் சோறு.

நம் பக்கத்தில் இதைத் தேடுபவர்கள் ஏறும் இடம் நந்திமலை. பாலாறு பிறப்பதும் அந்தப் பக்கம்தான். அதே ஆறுதான் பேத்தமங்கலத்தை நிரப்பி நம் குழாய்களுக்கும் வந்தது. நந்திமலையில் இறங்கும் பறவை தங்கவயலிலும் இறங்கலாம் என்பது என் கட்சி. சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டில் தேட வேண்டாம். அங்கே புல் முளைப்பதே பெரிய காரியம். பழைய பங்களாத் தோட்டங்களில், ஆலோ அத்தியோ நின்று, கீழே சருகு மக்கிக் கிடக்கும் மூலைகளைப் பாருங்கள். விடிந்தும் விடியாத நேரத்தில் பாருங்கள். வெயில் ஏறினால் நிழலுக்குள் போய்விடும். ஆள் சத்தம் கேட்டால் பறக்காமல் அப்படியே அசையாமல் நின்றுவிடும் பழக்கமும் அதற்கு உண்டு.

சங்கடம் அந்த நேரத்தில்தான் இருக்கிறது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடிய பிறகு, ஊரில் பாதிப்பேரின் பிழைப்பு பெங்களூருக்குப் போய்விட்டது. பறவை சருகைக் கிளறும் வேளையில் நம் ஆட்கள் மாரிக்குப்பத்திலிருந்து கிளம்பும் ரயிலில் தூங்கிக்கொண்டு போகிறார்கள். நந்திமலைக்கோ ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பைனாகுலரோடு ஆள் வருகிறது. பதிவு அங்கே குவிவதற்குப் பறவை மட்டும் காரணமல்ல.

சரி, ஒருநாள் பார்த்துவிட்டீர்கள் என்றே வைப்போம். கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பறவை தரையில் தத்துகிறது. சொன்னால் யாரும் முதலில் கேட்கப்போவது, "குண்டுக்கரிச்சானாக இருக்குமோ?" என்றுதான். நியாயமான கேள்வி. ஆகவே உங்கள் குறிப்பு அதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும். குண்டுக்கரிச்சானுக்குக் கறுத்த அலகு, சிறகில் நீண்ட வெள்ளைப் பட்டை, புருவம் கிடையாது, வால் நிமிர்ந்து நிற்கும். ஆண் பைட் த்ரஷ்ஷுக்கு மஞ்சள் அலகு, கண்ணுக்கு மேல் தடித்த வெள்ளைப் புருவம், சிறகில் வெள்ளைப் புள்ளிகள், விலாவில் செதில் செதிலாகக் கறுப்பு. பெண் பறவைக்குக் கறுப்பு இருக்கவேண்டிய இடமெல்லாம் பழுப்பு.

இவற்றில் எதைப் பார்த்தீர்களோ அதை மட்டும் எழுதுங்கள். விலா தெரியவில்லையா, "விலா தெரியவில்லை" என்றே எழுதுங்கள். முக்கியமாக, பறவைப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன் எழுதுங்கள். திறந்துவிட்டால் கண் பார்த்தது எது, படத்தில் இருந்தது எது என்று பிரிக்க முடியாது. போட்டோ இருந்தால் நல்லதுதான். ஆனால் விடியற்கால மரநிழலில் செல்போன் எடுக்கும் படத்தில் பறவையைவிடச் சருகுதான் நன்றாகத் தெரியும்.

இடத்தையும் சரியாகக் குறிக்க வேண்டும். இடம் பொய்யானால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கதை உண்டு. ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, அருங்காட்சியகங்களில் இருந்த பிறருடைய பறவைத் தோல்களைத் திருடி, தான் பிடித்ததாகச் சீட்டு மாற்றி ஒட்டியவர். ஃபாரஸ்ட் ஔலெட் என்று ஒரு சின்ன ஆந்தை உண்டு. அதை 1914இல் குஜராத்தில் பிடித்ததாக ஒரு சீட்டு எழுதி வைத்தார். உண்மையில் 1884க்குப் பிறகு யாரும் அதைப் பிடித்திருக்கவில்லை. பறவையியலாளர் பமேலா ராஸ்முசென் அந்தப் பொய்யைக் கண்டுபிடித்து, பழைய நம்பகமான சீட்டுகள் காட்டிய இடங்களுக்குப் போனார். 1997 நவம்பரில், மகாராஷ்டிரத்தின் ஷஹாதா பக்கம், ஆந்தை பகலில் உட்கார்ந்திருந்தது.

நாம் திருட்டுச் சீட்டு ஒட்டப்போவதில்லை. ஆனாலும் "கே.ஜி.எஃப்." என்று மொட்டையாக எழுதுவது போதாது. சாம்பியன் ரீஃபா, ஆண்டர்சன்பேட்டையா, கிஃபோர்டு ஷாஃப்ட் பக்கமா, எட்கர் ஷாஃப்ட் பக்கமா? கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போகிறவருக்கு இத்தனை விவரமாக வழி சொல்கிறோம் அல்லவா, அதேபோலப் பறவைக்கும் சொல்ல வேண்டும்.

பிறகு இ-பேர்டு என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றுங்கள். ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும்போது பலர் முதல்முறையாக அதில் கணக்குத் தொடங்குகிறார்கள். அரிய பறவையைக் குறித்தால், சரிபார்க்கும் தன்னார்வலர் ஒருவர் விளக்கம் கேட்டு எழுதுவார். அவருக்கு உங்கள்மேல் கோபம் இல்லை. உங்களுக்கும் வர வேண்டாம். அன்று காலை கிறுக்கிய தாளை அப்படியே படம் பிடித்து அனுப்புங்கள், எழுத்துப் பிழையோடு.

(தொடரும்)