வன்செயற் படமும் காண்போர் உள்ளமும்
‘பருத்திவீரன்’ பற்றிய கருத்து வேற்றுமை குறித்து ஓர் ஆராய்வு

ஒரு திரைப்படத்தைக் கண்டு வெளிவருவோருள் ஒருவர் அதனை ஒப்பற்ற கலைப் படைப்பு என்கின்றார். அவரருகே அமர்ந்து அதே படத்தைக் கண்ட மற்றொருவர் இது மக்கள் காணத்தக்கதன்று என்கின்றார். இருவரும் கல்வியறிவுடையோர், இருவரும் பொய் கூறுபவரல்லர். இவ்வேற்றுமை எங்ஙனம் பிறக்கின்றது? இதனைச் சுவை வேறுபாடு என்று கூறி விட்டுவிடுதல் எளிது. ஆயினும், கொலையும் வன்புணர்ச்சியும் திரையில் காட்டப்படும்போது எழும் பிணக்கு வெறுஞ் சுவைப் பிணக்கு அன்று. அஃது அறம் பற்றிய பிணக்குமாகும். தமிழில் இதற்குத் தக்க சான்றாக நிற்பது ‘பருத்திவீரன்’ என்னும் படம். அதனை முன்வைத்துச் சில கூறுதல் இக்கட்டுரையின் நோக்கம்.

படத்தின் வரலாறு

அமீர் இயக்கிய இப்படம் 2007ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் வெளிவந்தது. கார்த்தி கதைத்தலைவனாகத் தோன்றிய முதற் படம் இதுவே. தலைவி முத்தழகாகப் பிரியாமணியும், தலைவனின் சித்தப்பன் செவ்வாழையாகச் சரவணனும், தலைவியின் தந்தையாகப் பொன்வண்ணனும் நடித்தனர். இசை யுவன் சங்கர் ராஜாவினுடையது. 2006ஆம் ஆண்டுக்குரிய இந்தியத் தேசிய விருதுகளுள் சிறந்த நடிகைக்குரியது பிரியாமணிக்கும், சிறந்த படத்தொகுப்புக்குரியது ராஜா முகமதுக்கும் இப்படத்தின் பொருட்டே கிடைத்தன. 2008இல் பேர்லின் திரைப்பட விழாவிலும் இது திரையிடப்பட்டது.

கதை மதுரைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நிகழ்வது. வீரன் தொழிலின்றித் திரியும் முரடன். அவன் தந்தை ஒரு குலத்தவர். தாய் குறவர் குலத்தவள். இக்குலக் கலப்பின் காரணமாகவே முத்தழகின் தந்தை அவனை வெறுக்கின்றார். சிறுபருவத்தில் கிணற்றில் வீழ்ந்த தன்னைக் காத்தவன் என்ற நன்றி முத்தழகின் நெஞ்சிற் காதலாக வளர்ந்திருக்கின்றது. பெற்றோர் அடித்தும் வருத்தியும் அவள் மனம் மாறவில்லை. இறுதியில் அவள் வீட்டை விட்டு அவனுடன் வெளியேறுகின்றாள்.

இதுகாறும் நகைச்சுவையும் காதலுமாகச் சென்ற கதை, இறுதியிற் பெருங் கொடுமையாக மாறுகின்றது. வீரன் வெளியே சென்ற வேளையில், அவனுக்கு முன்பே அறிமுகமான நால்வர், தனித்திருந்த முத்தழகைப் பிழையாக எண்ணி வல்லுறவுக்கு உட்படுத்துகின்றனர். உயிர் பிரியுந் தறுவாயில் அவள், தனக்கு நேர்ந்தது ஊரார்க்குத் தெரியாவண்ணம் தன் உடலை வெட்டிச் சிதைத்து விடுமாறு அவனை வேண்டுகின்றாள். அவனும் அங்ஙனமே செய்கின்றான். பின்னர் வந்த உறவினர், அவனே அவளைக் கொன்றான் என்று கருதி அவனைக் கொல்கின்றனர். உண்மை அறியப்படாமலே கதை முடிகின்றது.

காண்போர் பிரிந்த வகை

இம்முடிவு கண்டு மக்கள் பிரிந்தனர். போற்றுவோர் கூறுவது யாது? சாதிச் செருக்கும் முரட்டுத்தனமும் நிறைந்த ஒரு வாழ்வு இனிதே முடியும் என்று காட்டுவது பொய். தலைவன் செய்த தீச்செயல்கள் திரும்பி வந்து அவனுக்கு உயிரினும் இனியவளைப் பற்றுகின்றன. வன்செயலைக் காண்போர் மகிழாமல் நடுங்கும்படி காட்டியதே இப்படத்தின் நேர்மை என்பது அவர் கூற்று.

மறுப்போர் கூறுவது வேறு. பிழை செய்தவன் ஆண். தண்டனை அடைந்தவள் பெண். அவளது துன்பம் தலைவனுக்குப் பாடம் புகட்டுங் கருவியாகிவிட்டது. மேலும், வல்லுறவுக்கு ஆளான பெண் தன் உடலையே அழிக்குமாறு வேண்டுதல், மானம் பெண்ணுடலில் உள்ளது என்னும் பழைய நச்சுக் கருத்தை மீண்டும் நிலைநாட்டுகின்றது. அன்றியும், கதை முழுவதும் சாதியே பகையாக நிற்க, முடிவில் மட்டும் கதைக்குப் புறம்பான நால்வர் வந்து அப்பகையின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றனர். காண்போர் சினம் அந்நால்வர் மீது செல்லச் சாதி தப்பிவிடுகின்றது. இஃது அவர் வாதம்.

மூன்றாவதொரு சாராரும் உளர். அவர் வாதம் புரிவதில்லை. படத்தின் முற்பகுதியை, திருவிழாக் காட்சியையும் நாட்டுப் பாடல்களையும் நகைச்சுவையையும், பன்முறை பார்த்து மகிழ்வர். இறுதிப் பகுதி வந்தவுடன் எழுந்து விடுவர். ஒரு படத்தை விரும்பியும் அதன் முடிவைக் காணமாட்டாமையும் ஒருங்கே நிகழக் கூடும் என்பதற்கு இவரே சான்று.

தொல்காப்பியர் தரும் விளக்கம்

இப்பிரிவின் காரணத்தை அறியத் தொல்காப்பியர் வகுத்த மெய்ப்பாட்டியல் பெரிதும் உதவுகின்றது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடு எட்டென அவர் கூறி, ஒவ்வொன்றும் பிறக்குமிடம் நான்கு நான்காக வகுத்தார். வெகுளி பிறக்குமிடங்களாக அவர் கூறியவை உறுப்பினை அறுத்தல், குடியினைக் கெடுத்தல், அடித்து அலைத்தல், கொல்லுதல் என்பனவாம். பருத்திவீரனின் இறுதியில் இந்நான்கும் ஒருங்கே நிற்கக் காண்கிறோம். அழுகைக்கு அவர் கூறிய காரணங்களுள் பிறரால் இகழப்படுதலும், உரியவரை இழத்தலும் அடங்கும். அவையும் அங்கு உள.

ஆகவே ஒரே காட்சி இரண்டு மெய்ப்பாடுகட்கு ஒருங்கே இடனாகின்றது. அழுகை மேலோங்கியவர், முத்தழகோடு நின்று வருந்திப் படத்தைப் போற்றுகின்றார். வெகுளி மேலோங்கியவர், அவ்வெகுளியை யார் மேற் செலுத்துவது என்று தேடுகின்றார். கதைக்குள் தக்க இலக்குக் கிடையாதபோது, அஃது அக்காட்சியை எடுத்தவர் மீதே திரும்புகின்றது. இருவரும் ஒரே படத்தைக் கண்டனர் என்பது புறத்தோற்றமே. உள்ளத்தில் இருவர்க்கும் நிகழ்ந்தது வேறு.

மேடையின் பழைய விதி

கொலையைக் கண்முன் காட்டலாமா என்னும் வினா புதிதன்று. கிரேக்க நாடகங்களிற் கொலை பெரும்பாலும் மேடைக்கு வெளியே நிகழ, ஒருவன் வந்து அதனை உரைப்பான். சொபக்கிளிசின் ஈடிப்பசு தன் கண்களைக் குத்திக் குருடாக்கியதையும் ஏவலனே வந்து சொல்கின்றான். இரக்கமும் அச்சமும் பிறப்பித்து அவற்றைத் தூய்மை செய்வது துன்பியல் நாடகத்தின் பயன் என்ற அரிஸ்டோட்டில், அவ்விரண்டும் காட்சியின் பகட்டாற் பிறத்தலினும் கதையின் அமைப்பாற் பிறத்தலே சிறப்பு என்றார்.

வடமொழியில் பத்தாம் நூற்றாண்டிற் தனஞ்சயன் இயற்றிய தசரூபகமும் கொலை, போர் முதலியவற்றை அரங்கிற் கண்முன் காட்டலாகாது என விலக்கியது. அந்நூலின் கருத்துக்களைத் தமிழர்க்கு அறிமுகஞ் செய்தவர், நம் மட்டக்களப்பு மண் ஈன்ற சுவாமி விபுலாநந்தர் (1892-1947) ஆவர். 1926இல் மதுரைத் தமிழ்ச் சங்க வெளியீடாக வந்த அவரது ‘மதங்க சூளாமணி’, ஒருபுறம் தசரூபகத்தையும் மறுபுறம் செகசிற்பியாரின் பன்னிரு நாடகங்களையும் வைத்து ஆராய்வது. கொலையை மறைக்கும் மரபும் அதனை மேடையிற் காட்டும் மரபும் ஒரே நூலில் அருகருகே நிற்பது நாம் சிந்தித்தற்குரியது. விதியை மீறியோர் வடமொழியிலும் இருந்தனர். பாசரது ‘ஊருபங்கம்’ துரியோதனன் தொடை முறிந்து உயிர் துறத்தலை அரங்கிலேயே காட்டுகின்றது.

செகசிற்பியாரின் ‘லியர் வேந்தன்’ பட்ட பாடு இன்னுந் தெளிவான சான்று. மேடையிலேயே ஒரு முதியவரின் கண்கள் பிடுங்கப்படும் அந்நாடகத்தின் முடிவில், பிழையறியாத மகள் கோடீலியா இறக்கின்றாள். அம்முடிவைத் தாங்கமாட்டாது, 1681இல் நாகும் டேற் என்பவர் அவளை உயிரோடு வாழவைத்து நாடகத்தை மாற்றி எழுதினார். ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் ஆங்கில மேடையில் அம்மாற்றமே நிலவியது. அறிஞர் சாமுவேல் ஜோன்சனும், அவளது இறப்பு தம்மைத் தாக்கியமையால், பதிப்பிக்கும் பணி வரும்வரை அந்நாடகத்தின் இறுதிக் காட்சிகளை மீண்டும் படிக்கத் துணியவில்லை என்றார். முடிவு வருமுன் எழுந்து செல்லும் இன்றைய தமிழ் இரசிகருக்கு இஃதோர் ஆறுதலாகுக!

சட்டமும் தணிக்கையும்

திரைப்படத்தின் ஆற்றல் மேடையினும் பெரிது. மேடையில் மரவாள் என்பதை அறிவோம். திரையில் அவ்வறிவு மறந்து போகின்றது. ஆதலால் அரசுகள் தணிக்கையை மேற்கொண்டன. கே. ஏ. அப்பாசு தொடுத்த வழக்கில், 1970இல் இந்திய உயர்நீதிமன்றம் படத் தணிக்கை சட்டத்துக்கு ஏற்றதே எனத் தீர்ப்பளித்தது. எனினும் கருப்பொருளை மட்டும் நோக்காது அது கையாளப்பட்ட முறையையும் நோக்க வேண்டும் என்றது. பூலான் தேவியின் வாழ்வைக் காட்டிய ‘பண்டிட் குயின்’ பற்றிய 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பில், அப்படத்தின் வல்லுறவுக் காட்சி இச்சையைத் தூண்டுவதன்று. துன்புற்றவள்பால் இரக்கத்தையும் தீங்கு செய்தோர்பால் அருவருப்பையும் எழுப்புவது என்று அந்நீதிமன்றம் கண்டது. ஆயினும் அப்பெண்மணி தாமே முன்பு அப்படத்தை எதிர்த்து வழக்காடியவர் என்பதையும் மறத்தல் ஆகாது. துன்புற்றவர் தம் துன்பம் காட்டப்படுதலை விரும்புகின்றாரா என்ற வினாவுக்குத் தணிக்கைச் சபை விடை தாராது.

படைத்தவரே தம் படத்தைத் திரும்பப் பெற்றதும் உண்டு. அந்தனி பேர்ஜசின் 1962ஆம் ஆண்டு நாவலைத் தழுவி, 1971இல் ஸ்ரான்லி குப்ரிக் எடுத்த ‘எ கிளாக்வேர்க் ஓறேஞ்ச்’ என்னும் படம் வன்செயலைத் தூண்டுகின்றது என்ற கண்டனத்துக்கு ஆளாயிற்று. சில ஆண்டுகளுள் குப்ரிக் தாமே அதனைப் பிரித்தானியாவில் திரையிடாமல் நிறுத்தினார். 1999இல் அவர் இறந்தபின், 2000ஆம் ஆண்டிலேயே அஃது அங்கு மீண்டும் திரைக்கு வந்தது. அத்தனை ஆண்டு மறைந்திருந்தும் அதன் புகழ் குன்றவில்லை, வளர்ந்தது. தடை, ஒரு படத்தை மறக்கச் செய்வதில்லை என்பதை இதனால் அறிகிறோம்.

நம் மண்ணின் வழி

மட்டக்களப்பு மக்கள் கொலைக் கதையை அறியாதவரல்லர். வடமோடிக் கூத்துக்களிற் போரே பெரும்பொருள். வட்டக்களரியில் அண்ணாவியார் மத்தளத்துக்கும் சல்லாரிக்கும் இயைய, வில்லும் வாளும் ஏந்தியோர் விடியும்வரை பொருது ஆடுவர். ஆங்குப் போர் தாளக்கட்டுக்குள் அடங்கி ஆட்டமாகிவிடுகின்றது. வாழி பாடி முடித்தபின் வென்றவனும் வீழ்ந்தவனும் ஒன்றாகவே வீடு செல்வர்.

இதனினும் ஆழமானது கண்ணகி வழிபாடு. பிழையற்ற கணவன் வெட்டுண்டான். மனைவி தன் கொங்கையைத் திருகி எறிந்து ஒரு நகரையே எரித்தாள். இதனினுங் கொடிய கதை யாது? அக்கதையைக் காரைதீவு, தம்பிலுவில், செட்டிபாளையம் முதலிய ஊர்க் கண்ணகை அம்மன் ஆலயங்களில், வைகாசிச் சடங்கின்போது வழக்குரையாகப் படிக்கின்றோம். ஆனால் எரியோடு சடங்கு முடிவதில்லை. குளிர்த்தி பாடி, அம்மனின் வெம்மையைத் தணித்த பின்னரே மக்கள் வீடு திரும்புவர். வெகுளியை எழுப்பியவர்க்கு அதனைத் தணிக்கும் பொறுப்பும் உண்டு என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

பருத்திவீரனில் இல்லாதது இக்குளிர்த்தியே. வழக்குரைக்க ஒருவரும் இலர்; உண்மை வெளிப்படும் மன்றமும் இல்லை. கண்ணகி தன் வழக்கைத் தானே உரைத்தாள். முத்தழகோ தன் வழக்கைத் தன் உடலோடு மறைக்குமாறு வேண்டினாள். இயக்குநர் வேண்டுமென்றே இங்ஙனம் விட்டார் எனலாம். அதனாற்றான் படம் நெஞ்சை விட்டு நீங்காதிருக்கின்றது. அதனாற்றான் பலர்க்குப் பொறுக்கவும் இயலவில்லை.

இப்படம் வெளிவந்த 2007ஆம் ஆண்டின் முற்பகுதியில், படுவான்கரை மக்கள் பல்லாயிரவர் போரினால் வாவியைக் கடந்து இடம்பெயர்ந்தனர். வன்செயலைத் திரையில் மட்டும் கண்டவர் அதனைக் கலை என்று ஆராயலாம். வீட்டு வாயிலிற் கண்டவர்க்கு அவ்வாராய்ச்சி எளிதன்று. அத்தகைய ஒருவர் நடுவே எழுந்து சென்றால், அவரைக் கலையறியாதவர் என இகழ்தல் தகாது. அதுபோலவே, அதனை முற்றுங் கண்டு கண்ணீர் விட்டவரைக் கொடுமையிற் களிப்பவர் எனப் பழித்தலும் தகாது.

முடிவுரை

எம் கருத்து வருமாறு: பருத்திவீரன், சாதிப்பகை ஒரு வீட்டுக்குள் எங்ஙனம் அடியும் உதையுமாக வாழ்கின்றது என்பதை மறைக்காது காட்டிய அளவில் உயர்ந்த படம். அப்பகைக்குரிய விலையை ஒரு பெண்ணுடல் மேற் சுமத்தி முடித்த அளவிற் குறையுடைய படம். இவ்விரண்டையும் ஒருங்கே கூறுதல் நடுவுநிலையேயன்றி முரண்பாடன்று.

இன்று மாணவர் இத்தகைய படங்களைக் கைத்தொலைபேசியில் தனியே காண்கின்றனர். தடுத்தல் இயலாது; தடுப்பினும் பயனில்லை. ஆனால் கண்டபின் பேசுவதற்கு ஓரிடம் வேண்டும். இக்காட்சி யார் பக்கம் நின்று காட்டப்பட்டது? இதனை நீக்கின் கதை குறையுமா? என் சினம் உரியவர் மேற்றான் செல்கின்றதா? இம்மூன்று வினாக்களையும் வகுப்பறையில் ஆசிரியரும், வீட்டில் தந்தைதாயரும், சங்கக் கூட்டங்களிற் பழைய மாணவராகிய நாமும் இளைஞரோடு அமர்ந்து ஆராய்தல் வேண்டும். அவ்வாராய்வே இக்காலத்துக் குளிர்த்தியாகும். தனித்துக் கண்ட கொடுமை தனித்தே உள்ளத்தில் உறைந்து விடாதவாறு காத்தல் கற்றோர் கடன்.