கைபேசி காட்டும் அஸ்ர் நேரம்

சென்ற ரமலானுக்குச் சில நாட்களுக்கு முன்னர், மூதாட்டி ஒருவர் எங்கள் மத்ரஸாவுக்கு வந்து தம் கைபேசியை என் முன் வைத்தார். "ஹஜ்ரத், இதில் அஸ்ர் பாங்கு ஒலித்து ஒரு மணி நேரம் கழிந்த பிறகுதான் நம் பள்ளியில் பாங்கு சொல்கிறார்கள். எது சரி?" என்று கேட்டார்.

வளைகுடாவில் பணிபுரியும் மகன் விடுமுறையில் வந்தபோது கொடுத்துச் சென்ற கைபேசி அது. பார்வை மங்கிய தாய் கடிகாரம் பார்த்துச் சிரமப்படலாகாது என்று, வேளைதோறும் பாங்கொலி எழுப்பும் செயலியொன்றை அதில் பதிந்து தந்திருந்தார். அம்மையாரின் வீடு ஊரின் ஓரத்தில் உள்ளது; பள்ளிவாசலின் பாங்கு அங்கு எட்டுவதில்லை. பள்ளியை ஒட்டிய உறவினர் இல்லத்தில் ஒரு நாள் தங்கியபோதுதான் வேறுபாடு தெரிந்திருக்கிறது. அதற்குள் ஐந்து மாதங்கள் கடந்துவிட்டன.

கைபேசி பொய் சொல்லவில்லை. ஒரு பொருளின் நிழல், நண்பகலில் அதற்கிருந்த நிழல் நீங்கலாக, அப்பொருளின் அளவை எட்டும்போது அஸ்ர் தொடங்குகிறது என்பது ஷாஃபிஈ உள்ளிட்ட மூன்று மத்ஹபுகளின் நிலை. இரு மடங்கை எட்ட வேண்டும் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் பிரபலமான கூற்று. சென்னையில் இவ்விரண்டிற்கும் இடையே ஏறத்தாழ ஒரு மணி நேரம் உண்டு. அம்மையாரின் குடும்பமோ தலைமுறை தலைமுறையாக ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுவது. வளைகுடாவில் ஒரு மடங்குக் கணக்கிலேயே பாங்கு ஒலிப்பதால், அந்நேரம் மகனுக்குப் பழகிப் போயிருந்தது, அவர் ஐயுறவில்லை.

அந்த ஏற்பாட்டை மாற்றித் தர முயன்றேன். அதன் பிறகே செயலியின் கோளாறு எனக்குப் புலப்பட்டது. திரையின் மூலையில் கடுகளவில் ஒரு பல்சக்கரம். அதைத் தொட்டால் ஒரு பட்டியல். அதனுள் இன்னொரு பட்டியல். அதற்கும் உள்ளே, ஆங்கிலத்தில், இரண்டே சொற்கள்: "ஸ்டாண்டர்ட்", "ஹனஃபி". முதலாவது ஏற்கெனவே தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது. கல்லூரியில் பட்டம் பெற்ற எனக்கே அவ்விடத்தைக் கண்டறியக் கால் மணி நேரம் ஆயிற்று. "ஸ்டாண்டர்ட்" என்றால் "முறையானது, தரமானது" என்றல்லவா எவரும் பொருள் கொள்வர்? அதை விட்டு வேறொன்றைத் தொட எந்தத் தாய் துணிவாள்? "ஒரு மடங்கு நிழல்", "இரு மடங்கு நிழல்" என்று எழுதியிருந்தால் மக்தபில் ஓதிய சிறுமிக்கும் விளங்கியிருக்கும்.

ஸஹர் நேரத்திலும் இதே சிக்கல் உண்டு. அங்கே நோன்பே ஐயத்திற்குள்ளாகிறது. சூரியன் அடிவானத்திற்குக் கீழே எத்தனை பாகையில் இருக்கும்போது வைகறை தொடங்குகிறது என்பதில் நிறுவனங்களிடையே வேறுபாடுகள் இருக்கின்றன. உலக முஸ்லிம் லீக்கின் கணக்கு 18 பாகை. எகிப்தின் கணக்கு 19.5; வட அமெரிக்க இஸ்லாமியச் சங்கத்தின் பெயரால் வழங்குவது 15. சென்னையில் 18 பாகைக்கும் 15 பாகைக்கும் இடையே சுமார் 12 நிமிடங்கள். பதினெட்டைக் கணக்காகக் கொண்ட ஊரில் பதினைந்தை நம்பி உண்பவர், ஃபஜ்ர் நுழைந்த பின்னும் உண்டுகொண்டிருப்பார். இத்தனை பெரிய தேர்வையும் அதே பல்சக்கரத்துக்குள்ளேதான் புதைத்து வைத்திருக்கிறார்கள்!

"எனக்குப் படிப்பில்லை, அதனால்தான் தவறு நேர்ந்தது" என்று அம்மையார் தம்மையே நொந்துகொண்டார். அன்றாடப் பொருள்களின் வடிவமைப்பைப் பற்றி 1988இல் நூல் எழுதிய அமெரிக்க அறிஞர் டொனால்ட் நார்மன் இதைத்தான் மறுக்கிறார். மக்கள் மீண்டும் மீண்டும் தடுமாறும் இடத்தில் குறை மக்களிடம் இல்லை, பொருளைச் சமைத்தவரிடமே இருக்கிறது என்பது அவர் வாதம். கணினி கற்கும் நம் இளைஞர்கள் இதை மனத்தில் பதிக்க வேண்டும்.

இந்தக் கலை நமக்குப் புதிதுமன்று. டமாஸ்கஸ் உமய்யாப் பள்ளிவாசலில் நேரங்கணிப்பவராக விளங்கிய இப்னு ஷாத்திர் (ரஹ்), 1371ஆம் ஆண்டளவில் அதன் மினாராவில் சூரியக் கடிகாரம் ஒன்றை அமைத்தார். வானியலின் நுட்பமெல்லாம் அதன் கோடுகளுக்குள் அடங்கியிருந்தது. நிழல் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று பார்ப்பது மட்டுமே பார்ப்பவரின் வேலை. நம்மூர்ப் பள்ளிகளில் தொங்கும் நேரப் பலகையும் அவ்வாறே. பெரிய எண்கள், ஐந்து வக்துகள், மாற்றவேண்டிய நாளில் மாற்றிவைக்க மோதினார். எந்த மத்ஹபின் கணக்கு என்று அப்பலகையில் எழுதியிராது. ஜமாஅத் முழுவதற்கும் அது தெரியும். உலகெங்கும் செல்லும் செயலிக்கு அந்த வசதி இல்லை. ஆகவே முதல் தடவை திறக்கும்போதே ஊரையும் மத்ஹபையும் அது அவரவர் மொழியில் கேட்டாக வேண்டும். எந்தக் கணக்கில் நேரம் காட்டுகிறது என்பதை அஸ்ர் நேரத்தின் அடியிலேயே எழுதிக் காட்டவும் வேண்டும். ஒரு வரிக்கு இடமா இல்லை? விளம்பரத்துக்கு இருக்கிறதே!

தொழுத தொழுகைகளைப் பற்றி அம்மையார் கலங்கியதால் எங்கள் தலைமை ஆசானிடம் அழைத்துச் சென்றேன். இமாம் அபூஹனீஃபாவின் மாணவர்களான இமாம் அபூ யூசுஃப், இமாம் முஹம்மத் (ரஹ்) இருவரும் ஒரு மடங்கையே கூறியுள்ளனர் என்பதை எடுத்துரைத்து, அத்தொழுகைகள் வீணாகவில்லை என்று அவர் ஆறுதல் சொன்னார். அம்மையாரின் முகம் தெளிந்தது.

வாசல் வரை சென்றவர் திரும்பி வந்தார். "அந்தச் சக்கரம் எங்கே இருக்கிறது என்று எனக்கும் காட்டிக் கொடுங்கள். என் தங்கையிடமும் இதே கைபேசிதான் இருக்கிறது" என்றார். மூன்று முறை தொட்டுக் காட்டினேன். நான்காம் முறை அவரே தொட்டார்.